கிடங்கிலுக்கும் கம்போஸ்தெலாவுக்கும் வழி

நம் பங்குகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய பேச்சு எழுந்துள்ளது. உரோமை, லூர்து, பாத்திமா ஆகிய திருத்தலங்களுக்கு மக்களை அழைத்துச் செல்லும் பயணக் குழுக்களுள் சில, ஸ்பெயின் நாட்டின் சந்தியாகு தெ கம்போஸ்தெலா நகரையும் தம் பட்டியலில் சேர்த்துள்ளன. பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இது பற்றிப் பங்குத்தந்தையரிடம் கேட்பதுண்டு. அங்கே எத்தனை நாள் தங்கலாம், எவற்றைப் பார்க்கலாம், உண்ண என்ன கிடைக்கும், சோறு கிடைக்குமா என்பன அவர்கள் கேட்கும் வினாக்கள். இவற்றைக் கேட்கும் முதியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். திருத்தூதரின் கல்லறையைக் காணப் போகிறவர் வாய்க்கு ருசியான பண்டத்தைப் பற்றிப் பேசலாமா என்பது அவர்கள் மனக்குறை.

இக்குறை நியாயமானதுதானா என்பதை வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம். இதற்குத் துணையாக நமக்கு இரண்டு பழைய நூல்கள் உள்ளன. ஒன்று கம்போஸ்தெலாவில் இருக்கிறது. மற்றொன்று நம் திண்டிவனத்து மண்ணைப் பாடியது.

சந்தியாகு என்னும் பெயர்

செபதேயுவின் மகனும் யோவானின் சகோதரருமான யாக்கோபு, பன்னிருவருள் முதலில் இரத்தம் சிந்தியவர். ஏரோது அரசன் அவரை வாளால் கொன்றதைத் திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. அது கி.பி. 44ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. அவருடைய உடலைச் சீடர்கள் படகில் ஏற்றி ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவுக்குக் கொண்டுவந்தனர் என்பது மரபு. படகு கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஊர் பத்ரோன். ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெலாயோ என்னும் வனத்துறவி இரவில் ஒளியைக் கண்டு அறிவிக்க, ஈரியா நகரின் ஆயர் தெயோதோமிர் சென்று கல்லறையைக் கண்டறிந்தார் என்பர். அத்தூரியாவின் மன்னர் இரண்டாம் அல்போன்சு ஒவியேதோவிலிருந்து வந்து வணங்கி, அங்கே கோவில் எழுப்பினார். ஆயர் தெயோதோமிர் கற்பனை மாந்தர் என்று கருதியோரும் இருந்தனர். 1955இல் பேராலயத் தரையை அகழ்ந்தபோது, 847 என்னும் ஆண்டு பொறித்த அவருடைய கல்லறைக் கல் கிடைத்தது.

இத்திருத்தூதரின் பெயர் ஸ்பானிய மக்கள் வாயில் ‘சந்தியாகோ’ ஆயிற்று. கடல் கடந்து வந்த மறைப்பணியாளர் வழியே அது நம் கடற்கரையிலும் ஊன்றியது. நம் தாத்தாமாருள் எத்தனை சந்தியாகு! இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் விழாவுக்குச் சூலை மாதத்தில் பிற சமயத்தாரும் திரளுகின்றனர். யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் கிளாலியிலும் யாகப்பருக்கு ஆலயங்கள் உண்டு. ஆகவே கம்போஸ்தெலா நமக்கு முற்றிலும் அந்நிய ஊர் அன்று. அவ்வூர்ப் புனிதரின் பெயரை நாம் நெடுங்காலமாக நம் பிள்ளைகளுக்கு இட்டு வந்திருக்கிறோம்.

ஒரு பழைய வழிகாட்டி

கம்போஸ்தெலாப் பேராலயத்தில் ‘கலிஸ்தூ ஏடு’ என வழங்கும் இலத்தீன் கையெழுத்து நூல் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டு சூலையில் அது திருட்டுப்போய், ஓராண்டு கழித்து ஓர் ஊர்திக் கொட்டகையிலிருந்து மீட்கப்பட்டது. அந்த ஏட்டின் ஐந்தாம் பகுதி திருப்பயணிகளுக்கான வழிகாட்டி. எமெரிக் பிகோ என்னும் பிரெஞ்சுக் குருவே அதை எழுதியவர் எனப் பலரும் கருதுகின்றனர்.

அதைப் படிப்போர் வியப்படைவர். பிரான்சிலிருந்து புறப்படும் நான்கு சாலைகள் புவெந்தே லா ரெய்னா என்னும் ஊரில் ஒன்று சேர்வதை அது விளக்குகிறது. ஒரு நாளில் எவ்வளவு தொலைவு செல்லலாம், எந்த ஆற்று நீரைப் பருகலாம், எதைத் தொடக்கூடாது என்றெல்லாம் சொல்கிறது. எஸ்தெல்லாவில் நல்ல ரொட்டியும் சிறந்த திராட்சை இரசமும் இறைச்சியும் மீனும் மிகுதி என்று புகழ்கிறது. காஸ்தீல் நாட்டில் பாலும் தேனும் உண்டு, மரங்கள் குறைவு என்கிறது. கலீசியாவில் கம்பு போன்ற கருந்தானிய ரொட்டியும் ஆப்பிள் மதுவும் கிடைக்கும் என்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆற்று மீன்கள் சிலவற்றை உண்டால் நோய் வரும் என எச்சரிக்கவும் செய்கிறது. ஓர் உப்பாற்றங்கரையில், அந்நீரைக் குடித்து மடியும் குதிரைகளின் தோலை உரிப்பதற்காகவே கத்தி தீட்டிக்கொண்டு இருவர் காத்திருந்ததையும் ஆசிரியர் குறித்துள்ளார். பேராலயத்தின் வாயில்கள், சாளரங்கள், பீடங்கள் அனைத்தையும் அவர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார்.

உணவும் காட்சியும் திருப்பயணத்துக்கு அயலானவை என்போர் இந்நூலைக் கருதிப் பார்க்க வேண்டும். நடந்து செல்பவனுக்கு நாள்தோறும் பசிக்கும், கண் திறந்திருக்கும். இதை உணர்ந்த ஒரு குருவானவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்விரண்டுக்கும் வழி சொல்லியிருக்கிறார்.

நூலில் குறையும் உண்டு. வழியிலுள்ள நவார் நாட்டாரை ஆசிரியர் கடுஞ்சொற்களால் இகழ்கிறார். அவர்களது உணவு முறை, உடை, பேச்சு எல்லாமே அவருக்கு அருவருப்பு. அந்த நவார் நாட்டிலேதான் மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1506இல், பிரான்சிஸ்கு சவேரியார் பிறந்தார். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மீனவ மக்களின் மொழியிலேயே செபங்களைக் கற்பிக்க முயன்றார். இரண்டு இரவு தங்கிய ஊரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் பயணி எவ்வளவு தவறிவிடுகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஓய்மா நாட்டு வழிகாட்டி

இனி நம் மண்ணுக்கு வருவோம். பத்துப்பாட்டுள் மூன்றாவதாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதன் தலைவன் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன். இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கும் கிடங்கில்தான் அவனுடைய ஊர். பரிசு பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை எதிர்கொண்டு, அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதாக அப்பாட்டு அமைந்துள்ளது.

அவ்வழியில் மூன்று ஊர்கள். கடற்கரையில் எயிற்பட்டினம். அதனை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் கருதுவர். அங்கே பரதவர் பழைய தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். அடுத்து வேலூர். அங்கே எயிற்றியர் சமைத்த இனிய புளிச்சோறும் ஆமான் இறைச்சிச் சூட்டும் கிடைக்கும். பின்னர் வயல் சூழ்ந்த ஆமூர். அங்கே உழவர் வீட்டு மகளிர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு படைப்பர். காட்சிகளும் கூடவே வருகின்றன: தாழையும் பொய்கையும் முல்லைக் காடும் மருத வயலும். ஊர் ஊராக உணவும் காட்சியும் சொல்லும் இதைத் தமிழின் பயண வழிகாட்டி என்று அழைப்பது பிழையாகாது.

கலிஸ்தூ ஏட்டை எழுதிய குருவானவருக்குத் தமிழ் தெரியாது. நத்தத்தனாரோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர். எனினும் நிலத்தை அதன் உணவால் அடையாளம் காட்டும் முறையில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். கடலோரத்தில் மீன், காட்டோரத்தில் வேட்டை இறைச்சி, வயலோரத்தில் நெற்சோறு என்பது ஒருவர் கணக்கு. எஸ்தெல்லாவில் திராட்சை இரசம், கலீசியாவில் ஆப்பிள் மது என்பது மற்றவர் கணக்கு. ஓர் ஊரின் மண்ணையும் உழைப்பையும் அவ்வூர்ச் சோற்றில் அறியலாம் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

சிறுபாணாற்றுப்படையில் மற்றோர் அடுக்களையும் உண்டு. அது பாணனின் சொந்த வீட்டு அடுக்களை. கூரை சிதைந்து கிடக்கிறது. ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள் பால் குடிப்பதைத் தாங்க மாட்டாமல் பசியால் குரைக்கிறது. பாணனின் மனைவி வேளைக் கீரையைப் பறித்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்துவிடுவரோ என்னும் நாணத்தால் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இந்த அடைத்த கதவுக்கு எதிரே, புலவர்க்கும் பொருநர்க்கும் அடையாத நல்லியக்கோடனின் வாயிலைப் புலவர் நிறுத்துகிறார். வீமனின் சமையல் நூல் முறை வழுவாமல் ஆக்கிய உணவை, அம்மன்னன் பொற்கலத்தில் இட்டுத் தானே நின்று ஊட்டுகிறான். பாட்டின் உயிர்நிலை இதுவே. எயிற்பட்டினத்து மீனும் ஆமூர் நண்டும் இந்த வாயிலை நோக்கியே நம்மை அழைத்துவருகின்றன.

வழிப்போக்கனும் விடுதிக்காரனும்

திருப்பயணிகள் பெருகிய இடத்தில் வணிகமும் பெருகும். கலிஸ்தூ ஏட்டின் முதற்பகுதியில் உள்ள ஒரு நீண்ட மறையுரை, கம்போஸ்தெலாச் சாலையின் விடுதிக்காரரைக் கடுமையாகக் கண்டிக்கிறது. சுவை பார்க்க நல்ல இரசத்தைக் கொடுத்துவிட்டு மட்டமானதை விற்பது, இரண்டு மூன்று நாள் பழகிய மீனையும் இறைச்சியையும் பரிமாறுவது, அளவையில் ஏமாற்றுவது எனக் குற்றங்கள் அடுக்கப்படுகின்றன. இன்றைய சுற்றுலாத் தலங்களில் நாம் கேட்கும் முறையீடுகளோடு இவை அப்படியே பொருந்துகின்றன.

அவ்வேட்டிலேயே ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. செர்மானியப் பயணிகளின் பையில் விடுதிக்காரன் ஒருவன் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்துவைத்துத் திருட்டுக் குற்றம் சாட்டினான். மகன் தூக்கிலிடப்பட்டான். தந்தை கம்போஸ்தெலா சென்று மீண்டபோது, புனிதர் தாங்கிநின்றதால் மகன் உயிரோடிருக்கக் கண்டான். பிற்காலத்தில் இக்கதை சாந்தோ தொமிங்கோ தெ லா கால்சாதா என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வழங்கும் கதையில், உணவு மேசையில் இருந்த நீதிபதி, இந்த வறுத்த கோழி உயிர் பெற்றால்தான் உன் மகன் உயிரோடிருப்பான் என்று நகைக்க, கோழி எழுந்து கூவியது. அவ்வூர்ப் பேராலயத்தில் இன்றும் ஒரு சேவலையும் பெட்டைக் கோழியையும் கூண்டில் வளர்க்கின்றனர். கதையின் கருத்து தெளிவு: வழிப்போக்கனுக்கு இழைக்கும் அநீதியைக் கடவுள் பொறுப்பதில்லை.

அந்த ஊருக்குப் பெயர் தந்த தொமிங்கோ, 1109இல் இறந்த ஒரு தனித்துறவி. பயணிகளுக்காகச் சாலை அமைத்தார், பாலம் கட்டினார், தங்கும் இல்லம் எழுப்பினார். வழிகாட்டி நூலும் சாலையைச் செப்பனிட்ட தொழிலாளர் சிலரின் பெயர்களை நன்றியுடன் குறித்துவைத்திருக்கிறது. மினோ ஆற்றில் இடிந்த பாலத்தை மீண்டும் கட்டிய பேதுரு அவர்களுள் ஒருவர். மன்னர்களின் பெயர்களுக்கிடையே ஒரு பாலம் கட்டியவரின் பெயரும் நிலைத்திருப்பது மனத்துக்கு ஆறுதல் தருகிறது.

1499இல் பெர்தினாந்து, இசபெல்லா இணையர் கம்போஸ்தெலாவில் பயணிகளுக்காகப் பெரிய இல்லம் ஒன்றைக் கட்ட ஆணையிட்டனர். ‘ஆஸ்பத்திரி’ என்னும் சொல்லின் மூலப்பொருளே விருந்தினர் இல்லம் என்பதுதான். நோயுற்ற பயணிக்குப் படுக்கையும் உணவும் அங்கே கிடைத்தன. 1954இல் அக்கட்டடம் உயர்தர விடுதியாயிற்று. அங்கேயும் நடந்து வந்த பயணிகளுள் முதல் பத்துப் பேருக்கு இலவச உணவு தரும் வழக்கம் பழைய நோக்கத்தின் நினைவாகப் பேணப்பட்டு வந்தது.

மணிகளும் மலர்களும்

கம்போஸ்தெலாவின் வரலாறு அன்பின் வரலாறாக மட்டும் இருந்துவிடவில்லை. 997இல் அல்மன்சூர் நகரைச் சூறையாடி, ஆலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்களில் ஏற்றிக் கொர்தோபாவுக்குக் கொண்டு சென்றார். 1236இல் கொர்தோபாவைக் கைப்பற்றிய மூன்றாம் பெர்தினாந்து, அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோள்களில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். கலீலேயாவின் மீனவராகிய யாக்கோபு, வாளேந்திய குதிரைவீரராக, முஸ்லிம்களை வெட்டி வீழ்த்துபவராகச் சித்திரிக்கப்பட்டார். இன்று பேராலயத்தில் உள்ள அத்தகைய சிலையொன்றில், குதிரையின் காலடியில் வீழ்ந்து கிடப்போரின் உருவங்களை மலர்களால் மறைத்துவைக்கும் வழக்கம் உண்டு. அந்த மலர்களையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. புனிதரின் பெயரால் மனிதர் செய்ததை எண்ணி நாணும் நாணமும் திருப்பயணத்தின் கனியே. நம் தங்கச்சிமடத்தில் அதே சந்தியாகப்பரின் விழாவில் பல சமயத்தார் ஒன்றாக நிற்கும் காட்சி, இவ்வகையில் ஸ்பெயினுக்கே ஒரு பாடமாகத் தகும்.

போகிறவர்க்குச் சில சொற்கள்

போக வாய்ப்புள்ளோர் போகட்டும். 1986இல் ஏறத்தாழ 2500 பேரே திருப்பயணச் சான்று பெற்றனர். 2024இலோ அத்தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கிற்று. யாகப்பர் திருநாளாகிய சூலை 25 ஞாயிறன்று வரும் ஆண்டு அங்கே புனித ஆண்டாகும். அடுத்து வருவது 2027. அவ்வாண்டில் நெரிசல் மிகும்.

பேருந்தில் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதைவிட, இயன்றவர் சிறிது தூரமேனும் நடப்பது சிறப்பு. சான்று பெறக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆதலால் பலரும் சாரியா என்னும் ஊரில் தொடங்கி, போர்த்தோமரீன், பாலாஸ் தெ ரெய், மெலிதே, அர்சுவா வழியாக ஐந்தாறு நாளில் நகரை அடைகின்றனர். மெலிதேயில் வேகவைத்த பேய்க்கணவாயை எண்ணெயும் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவித் தருவர். அர்சுவாவில் பாற்கட்டி பெயர்பெற்றது. நகரின் சந்தையில் சிப்பியும் மீனும் குவிந்திருக்கும். யாகப்பரின் சிலுவை வடிவம் பதித்த வாதுமைப் பணியாரம் அவ்வூருக்கே உரியது. பத்ரோன் பக்கத்துப் பச்சை மிளகாயை ஹெர்போன் மடத்துப் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தனர் என்பர். நம் குழம்பில் இடும் மிளகாயும் அதே அமெரிக்க மண்ணிலிருந்து போர்த்துக்கீசியர் வழி வந்ததே. அங்கே அந்தப் பொடியைச் சுவைக்கும்போது, உலகத்து அடுக்களைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை என்பது புரியும்.

பேராலயத்தில் மத்தேயு என்னும் சிற்பி 1188இல் வாயில் உத்தரக் கற்களை ஏற்றிய ‘மகிமை வாயில்’ காணத்தக்கது. விழா நாள்களில் எட்டுப் பேர் கயிறு பிடித்து ஊசலாட்டும் பெருந்தூபக் கலமும் காணத்தக்கது. கடன் வாங்கிக்கொண்டு மட்டும் போக வேண்டாம். கடன் வாங்கிச் செல்லும்படி எந்தப் புனிதரும் எவரையும் அழைக்கவில்லை.

வழிகாட்டியின் கடைசி அதிகாரம்

கலிஸ்தூ ஏட்டின் வழிகாட்டி எப்படி முடிகிறது என்பது நோக்கத்தக்கது. சாலை, ஆறு, உணவு, ஆலயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசி அதிகாரத்தில் ஆசிரியர் பயணியிடமிருந்து முகத்தைத் திருப்பி, வழியோரத்து வீட்டாரிடம் பேசுகிறார். ஏழையோ செல்வனோ, யாகப்பரிடம் போகிறவனையும் திரும்பி வருகிறவனையும் எல்லாரும் ஏற்று மதிக்க வேண்டும் என்கிறார். அவனை ஏற்பவர் யாகப்பரையும் ஆண்டவரையுமே ஏற்கிறார் என்கிறார். சான்றாகச் சில கதைகளைக் கூறுகிறார். சாம்பலுக்கடியில் ரொட்டியை வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்ன ஒரு பெண், பின்னர் அங்கே உருண்டைக் கல்லைக் கண்டாள். புவாத்தியே நகரில் பயணியர் இருவருக்கு ஒரு தெரு முழுதும் கதவடைத்தது. கடைசி வீட்டு ஏழை ஒருவனே இடம் தந்தான். அன்றிரவு தெரு எரிந்தது, அந்த வீடு தப்பியது.

நத்தத்தனாரின் பாட்டும் திறந்த வாயிலில் முடிகிறது. இலத்தீன் குருவின் ஏடும் திறந்த வாயிலில் முடிகிறது. மம்ரே மரத்தடியில் ஆபிரகாம் மூவரை அழைத்து அமுது படைத்ததும், எம்மாவு வழியில் அந்நியர் ஒருவரை இரு சீடர் வற்புறுத்தி இல்லத்துக்கு அழைத்து அப்பம் பிட்கையில் கண் திறந்ததும், இறுதித் தீர்ப்பில் அந்நியனை ஏற்றாயா என ஆண்டவர் கேட்பதாக மத்தேயு 25ஆம் அதிகாரம் உரைப்பதும் இதே உண்மையைக் கூறுகின்றன.

நாம் வாழும் பகுதி இவ்வறத்துக்குப் புதிதன்று. நம் திருவாமாத்தூர் மீது கலம்பகம் பாடிய இரட்டையர் யார்? ஒருவருக்குக் கால் இல்லை, மற்றவருக்குக் கண் இல்லை. பார்வையற்றவர் தோளில் நடக்க இயலாதவர் அமர்ந்து வழிகாட்ட, ஊர் ஊராகச் சென்று, கிடைத்த சோற்றை உண்டு, தலம் தலமாகப் பாடினர். இங்கே அவர்கள் பம்பையாற்றின் கரையை மாற்றிப் பாடிவிட, ஆறே அவர்கள் சொல்லுக்கேற்பத் திசை மாறிற்று என்பது ஊர் மக்கள் சொல்லும் கதை. அவ்விருவருக்கும் ஒரு நாளாவது இவ்வூரில் யாரோ இலை போட்டிருப்பர் அன்றோ? வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில், காவி உடுத்திய திருப்பயணிகள் வேளாங்கண்ணியை நோக்கி நம் சாலைகளில் நடக்கின்றனர். காலில் கொப்புளம், தோளில் சுமை. அவர்களோடு கம்போஸ்தெலாப் பயணியை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடும் காண முடியாது. அவர்கள் தங்க நம் பள்ளி வராந்தா திறந்திருக்கிறதா? குளிக்கத் தண்ணீர் உண்டா? பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? திருப்பயணி என்னும் பெயரின்றி, வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து வந்து நம் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்போரும் வழிப்போக்கரே. அவர்களுக்கு நம் தெருவில் வீடு கிடைக்கிறதா? நவார் நாட்டாரை அக்குரு இகழ்ந்ததுபோல் அவர்கள் உணவையும் பேச்சையும் நாம் இகழாமல் இருக்கிறோமா?

பயணம் செய்யும் மக்களே திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. பயணம் செய்யும் திருச்சபைக்குச் சாலையோரத்தில் வீடும் வேண்டும். கம்போஸ்தெலா செல்ல வசதியுள்ள குடும்பம் மகிழ்வோடு சென்று வரட்டும். அங்கே நல்ல உணவை உண்டு கடவுளுக்கு நன்றி கூறட்டும். புறப்படுமுன், தம் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஆகஸ்டு மாதத்தில் தம் ஊர் வழியே நடக்கும் பத்துப் பேருக்கு ஒரு வேளைச் சோறு போடட்டும். போக வசதியில்லாத குடும்பம் வருந்த வேண்டியதில்லை. வழிகாட்டியின் கடைசி அதிகாரம் அவர்களுக்காகவே எழுதப்பட்டது. வாசலில் வந்து நிற்கும் வழிப்போக்கனுக்குச் சோறிட்ட நாளில், யாகப்பர் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.